பாரசீக மன்னர்களும் படையும்: புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானை, ஆண்ட கஜார் மன்னர்கள், பஹ்லவி மன்னர்கள், அவர்களுடைய படை: இவற்றைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டு நான் முதல் வருடம் செலவழித்த பணத்தில் பாதி வீண். நேரத்தில் பாதிக்கு மேல் வீண். முதலில் வாங்கியது தடித்த ஆய்வு நூல் ஒன்று. ஒரே பக்கத்தில் ஏழு பட்டப் பெயர்கள் வந்தன. நாற்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன். அடுத்தது நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு நூலின் மறு அச்சு. அதில் வரைபடமே இல்லை. அப்புறம் ஒரு தளபதியின் நினைவுக் குறிப்பு. அதில் இருந்ததையெல்லாம் நம்பி நோட்டில் எழுதிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக அடிக்க வேண்டி வந்தது.

எதை முதலில் படிக்க வேண்டும், எதை இப்போது வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரலாறு சொல்லப் போவதில்லை, அதற்குத்தான் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில், என்ன விலையில், எவ்வளவு நாளில் படிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழில் இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்க எனக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். ஆங்கிலத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

1. காலத்தை முதலில் குறுக்குங்கள்

'நவீன பாரசீகம்' என்று பொதுவாகத் தேடினால் மலைபோல வந்து குவியும். நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நாசிர் அல்-தீன் ஷா ஆண்ட 1848 முதல் 1896 வரை, அரசியல் சட்டப் புரட்சி நடந்த 1906 முதல் கஜார் வம்சம் நீக்கப்பட்ட 1925 வரை, பஹ்லவி வம்சத்தைத் தொடங்கிய ரெசா ஷாவின் காலம், 1941 வரை, அவர் மகன் முகம்மது ரெசா ஷாவின் காலம், 1979 புரட்சி வரை.

இதில் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ரஷ்ய அதிகாரிகள் நடத்திய கோசாக் படை, ஸ்வீடன் அதிகாரிகள் பயிற்சி கொடுத்த ஜெண்டார்மெரி என்ற காவல்படை, பிரிட்டிஷார் 1916-இல் அமைத்த தென் பாரசீகத் துப்பாக்கிப்படை என்று ஒரே நாட்டில் மூன்று வெளிநாட்டு அதிகாரிகளின் கையில் மூன்று படைகள் இருந்த காலம் அது. அந்தக் கோசாக் படையில் இருந்த ரெசா கான் என்ற அதிகாரிதான் பிறகு ரெசா ஷா ஆனார். அரண்மனையைத் தனியாக, படையைத் தனியாகப் படிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. இந்த இருபது வருடங்களில் அப்படிப் பிரித்துப் படிக்கவே முடியாது. அந்தப் பழக்கம் இங்கேயே பிடிபட்டுவிட்டால் மற்ற மூன்று காலங்களும் சுலபமாகிவிடும்.

2. பெயர் நோட்டு ஒன்று போடுங்கள்

புத்தகம் எதுவும் வாங்குவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கேலி இல்லை. நான் முதல் நூலைக் கைவிட்டதற்குக் காரணம் அந்த நூல் இல்லை, இந்த நோட்டு என்னிடம் இல்லாததுதான்.

கஜார் காலத்துப் பெரிய மனிதர்கள் பெயரால் அழைக்கப்படுவதில்லை, பட்டத்தால் அழைக்கப்படுவார்கள். பட்டம் ஒருவர் போனதும் இன்னொருவருக்குப் போகும். 'சிபாஹ்சாலார்' என்று ஒரு நூலில் வந்தால் அது 1881-இல் இறந்த மிர்சா ஹொசைன் கானாக இருக்கலாம். அரசியல் சட்டப் புரட்சியில் தெஹ்ரானை நோக்கிப் படை நடத்திய முகம்மது வலி கான் தொனெகாபொனியாகவும் இருக்கலாம். இருவரையும் ஒருவராக நினைத்து நான் பல நாள் குழம்பியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பட்டம், எதிர்ப்பக்கத்தில் அந்தப் பட்டத்தை எந்த வருடம் யார் வைத்திருந்தார் என்று எழுதி வாருங்கள். 1925-இல் பட்டங்களை ஒழித்துக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை குறையும். ஆனால் அதே ஆள் புதுப் பெயரில் வருவார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'மிர்சா' என்ற சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் வந்தால் இளவரசர்: அப்பாஸ் மிர்சா. முன்னால் வந்தால் எழுத்துப் படித்தவர், அலுவலர் வழி வந்தவர்: மிர்சா ஹொசைன் கான். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிப் பெயர்கள் தாமாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது படைப் பதவிகள். 'சுல்தான்' என்று ஒருவர் பெயருக்கு முன் பார்த்து மன்னர் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பாரசீகப் படையில் சுல்தான் என்றால் கேப்டன். 'யாவர்' என்றால் மேஜர், 'நாயிப்' என்றால் லெப்டினன்ட். 1930-களில் மொழிக் கழகம் இவற்றை மாற்றியது: சுல்தான் 'சர்வான்' ஆனார், யாவர் 'சர்கோர்த்' ஆனார். ஆகவே அதே மனிதர் 1920-இல் ஒரு பதவிப் பெயரிலும் 1940-இல் வேறு பதவிப் பெயரிலும் வருவார். இரண்டு வரிசையையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதிரெதிராக எழுதிவையுங்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. சிப்பாய், சர்தார், தர்பார், லஸ்கர், சுபேதார் போன்ற சொற்கள் நம் காதுக்குப் பழகியவை. ரெசா கான் மன்னராவதற்கு முன் வைத்திருந்த 'சர்தார் சிபாஹ்' என்ற பட்டத்தில் இருக்கும் சிபாஹ்தான் நம் சிப்பாய்க்கும் வேர்.

கடைசியாக எழுத்துக்கூட்டு. ரெசா, ரிசா, ரிதா என்று மூன்று விதமாக ஒரே பெயரை எழுதுவார்கள். 1953-இல் கவிழ்க்கப்பட்ட பிரதமர் மொசாதெக்கின் பெயரைச் சிலர் 'கியூ' போட்டு முடிப்பார்கள், சிலர் 'ஜி-ஹெச்' போட்டு முடிப்பார்கள். நூலகப் பட்டியலில் ஒன்று வரவில்லை என்றால் மற்றதைப் போட்டுத் தேடுங்கள். நாட்டின் பெயரும் அப்படித்தான். வெளிநாடுகள் 'ஈரான்' என்றே எழுத வேண்டும் என்று அந்த அரசு கேட்டது 1935-இல். அதற்கு முந்தைய நூல்களும் கோப்புகளும் 'பெர்ஷியா' என்ற பெயரில்தான் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிப் புத்தகம் கண்ணிலேயே படாது.

3. தேதியை மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருநாள் கோசாக் படை பற்றிய ஒரு கடிதத்தின் மொழிபெயர்ப்பில் '1299' என்று பார்த்தேன். ரெசா கான் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தியது சூரிய ஹிஜ்ரி 1299-ஆம் ஆண்டு எஸ்ஃபந்த் மாதம் 3-ஆம் நாள், அதாவது 1921 பிப்ரவரி. சரி, அந்த வருடத்துக் கடிதம்தான் என்று எடுத்துக்கொண்டு மூன்று பக்கம் குறிப்பு எழுதினேன். ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது சந்திர ஹிஜ்ரி 1299. அது 1881–82. நாற்பது வருட வித்தியாசம். கோசாக் படை 1879-இலேயே தொடங்கிவிட்டதால் எந்த வரியும் இடிக்கவில்லை. அதனால் தவறு கண்ணில் படவே இல்லை.

ஆக, நான்கு நாட்காட்டிகள் உங்களுக்கு வேண்டும்.

சூரிய ஹிஜ்ரி: 1925-இலிருந்து அரசு நாட்காட்டி. வருடம் மார்ச் 21 வாக்கில் பிறக்கும். வருடப் பிறப்பிலிருந்து டிசம்பர் முடிய 621 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து அடுத்த வருடப் பிறப்பு வரை 622. உதாரணம்: மொசாதெக் கவிழ்க்கப்பட்ட மொர்தாத் 28, 1332 என்பது 1953 ஆகஸ்ட் 19. படை 'நடுநிலை' அறிவித்த பஹ்மன் 22, 1357 என்பது 1979 பிப்ரவரி 11.

சந்திர ஹிஜ்ரி: கஜார் கால ஆவணங்களில் இதுதான். நூறு வருடத்துக்கு மூன்று வீதம் கழித்து 622 கூட்டினால் தோராயமாக வரும். 1324-இல் 40 போக 1284, அதோடு 622 கூட்டினால் 1906. அரசியல் சட்டப் புரட்சியின் வருடம். துல்லியமான நாள் வேண்டுமென்றால் இணையத்தில் மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன.

ஷாஹன்ஷாஹி என்ற பேரரசு நாட்காட்டி: 1976 மார்ச்சில் திடீரென்று 2535 என்று வருடம் போட ஆரம்பித்தார்கள். 1978-இல் கைவிட்டார்கள். அந்த இடைவெளியில் தெஹ்ரானில் அச்சான புத்தகங்களில் 2535, 2536, 2537 என்று இருக்கும். 1180 கழித்தால் சூரிய ஹிஜ்ரி வந்துவிடும். பழைய புத்தகக் கடைகளின் பட்டியலில் இந்த எண்களைத் தப்பாக மாற்றிப் போட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய ரஷ்ய நாட்காட்டி: கோசாக் படையின் ரஷ்ய அதிகாரிகள் எழுதியவற்றில் 1918 வரை இதுதான். 19-ஆம் நூற்றாண்டு என்றால் 12 நாள், 20-ஆம் நூற்றாண்டு என்றால் 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு படிகளுக்கும் சேர்த்து இரண்டு வாரம் போதும். செலவு, நோட்டின் விலை மட்டும்.

4. முதல் நான்கு புத்தகங்கள், இந்த வரிசையில்

முதலாவது எர்வந்த் ஆப்ரகாமியனின் 'எ ஹிஸ்டரி ஆஃப் மாடர்ன் ஈரான்'. கேம்பிரிட்ஜ் வெளியீடு, 2008-இல் வந்தது, 2018-இல் திருத்திய பதிப்பு. சின்ன நூல். நாளுக்கு இருபது பக்கம் வைத்தாலும் இரண்டு, மூன்று வாரத்தில் முடியும். வாங்கினால் திருத்திய பதிப்பையே வாங்குங்கள். ஆசிரியர் இடதுசாரிப் பார்வை உள்ளவர்; வர்க்கம், அரசு இயந்திரம் இரண்டையும் கூர்ந்து பார்ப்பார், மன்னரின் மனதுக்குள் அதிகம் போக மாட்டார். அது தெரிந்து படித்தால் போதும்.

இரண்டாவது சைரஸ் கனியின் 'ஈரான் அண்ட் தி ரைஸ் ஆஃப் ரெசா ஷா', 1998. கஜார் ஆட்சி எப்படிச் சரிந்தது, ரெசா கான் எப்படி ஏறினார் என்று நாள் நாளாகச் சொல்லும். பிரிட்டிஷ் கோப்புகளை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார். பெயர் நோட்டு இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது ஸ்டெஃபனி குரோனினின் 'தி ஆர்மி அண்ட் தி கிரியேஷன் ஆஃப் தி பஹ்லவி ஸ்டேட் இன் ஈரான், 1910–1926'. கனியின் நூலை மேசையில் திறந்துவைத்துக்கொண்டு, அத்தியாயத்துக்கு அத்தியாயம் இதையும் படியுங்கள். அதே வருடங்கள்தான், ஆனால் இங்கே பார்வை படைமுகாமிலிருந்து. ஜெண்டார்மெரி அதிகாரிகளின் கலகங்கள், சம்பளம் கொடுக்க முடியாத அரசு, கோசாக் படையும் ஜெண்டார்மெரியும் ஒன்றாக்கப்பட்டது, 1925-இன் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் எல்லாம் இதில்தான் தெளியும். என் அனுபவத்தில் இந்தத் துறையில் ஒரே ஒரு நூலுக்குக் காசு இருக்கிறது என்றால் அது இதுதான்.

நான்காவது அப்பாஸ் அமானத்தின் 'பிவட் ஆஃப் தி யுனிவர்ஸ்', 1997. நாசிர் அல்-தீன் ஷாவின் வாழ்க்கை. இது காலத்தால் முதலில் வரவேண்டியது, ஆனாலும் நான்காவதாகப் படியுங்கள். முடியாட்சி எப்படி முடிந்தது என்று தெரிந்த பிறகு அது எப்படி இயங்கியது என்று படிக்கும்போது நிறைய விஷயம் கண்ணில் படும். இவருடைய 'ஈரான்: எ மாடர்ன் ஹிஸ்டரி' 2017-இல் வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். ஆரம்பத்தில் வாங்கி மலைத்துப் போகாதீர்கள், பிறகு எடுத்துப் பார்க்கும் நூலாக வைத்துக்கொள்ளலாம்.

படை வரலாற்றை மட்டும் ஒரே மூச்சில் பார்க்க ஸ்டீவன் வார்டின் 'இம்மார்ட்டல்', 2009, இருக்கிறது. பழங்கால சைரஸிலிருந்து தொடங்கும். நீங்கள் கஜார் அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்குக்கும் சேர்த்து நான்கு மாதம் வையுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இதுதான் நடக்கிற கணக்கு.

5. கடைசி ஷாவைப் பற்றி எப்போதும் இரண்டிரண்டாகப் படியுங்கள்

1979-க்குப் பிறகு எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் எழுத்து. ஒரு நூலை மட்டும் படித்தால் அந்த ஆசிரியரின் வழக்கறிஞராகவே மாறிவிடுவீர்கள். எனக்கு நடந்தது அதுதான். அதனால் ஜோடியாக வாங்குங்கள், ஒரே சம்பவத்தை இரண்டிலும் படியுங்கள்.

ஷாவின் வாழ்க்கை வரலாறு என்றால் அப்பாஸ் மிலானியின் 'தி ஷா' ஒன்று, குலாம் ரெசா அஃப்காமியின் 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் தி ஷா' ஒன்று. முதலாமவர் ஷா காலத்தில் சிறையில் இருந்தவர். இரண்டாமவர் அந்த அரசில் பதவி வகித்தவர். இருவருமே கவனமாக எழுதுகிறவர்கள், அதனால்தான் ஒப்பிடுவது பயன் தருகிறது.

ஷா தன் பெயரில் இரண்டு நூல் வெளியிட்டிருக்கிறார். 'மிஷன் ஃபார் மை கன்ட்ரி' 1961-இல், அரியணையில் இருந்தபோது. 'ஆன்ஸர் டு ஹிஸ்டரி' நாட்டைவிட்டுப் போன பிறகு; ஆங்கிலத்தில் 1980. 1953 ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி இரண்டிலும் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படையின் கடைசி வாரங்களுக்கு, அமெரிக்க ஜெனரல் ராபர்ட் ஹைசரின் 'மிஷன் டு டெஹ்ரான்', தூதர் வில்லியம் சல்லிவனின் 'மிஷன் டு ஈரான்'. தலைப்பு ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஹைசர் 1979 ஜனவரி 4 முதல் பிப்ரவரி 3 வரை தெஹ்ரானில் இருந்தார். ஒரே நகரம், ஒரே மாதம், ஈரானியத் தளபதிகளைப் பற்றி இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது.

ஒன்றை மட்டும் தனியாகப் படிக்கலாம்: அரண்மனை அமைச்சர் அசதுல்லா ஆலமின் நாட்குறிப்பு, ஆங்கிலத்தில் 'தி ஷா அண்ட் ஐ'. அவர் 1978 ஏப்ரலில் இறந்துவிட்டார். புரட்சியை அவர் பார்க்கவில்லை. ஆகவே 'அப்போதே எனக்குத் தெரியும்' என்று பின்னால் சேர்த்து எழுத வழியில்லை. ஷா காலையில் என்ன சொன்னார், எந்த ஆயுதத்தை வாங்க அவசரப்பட்டார் என்று அன்றன்றே எழுதியது. ஆங்கிலத்தில் கிடைப்பது சுருக்கம், பாரசீகத்தில் பல தொகுதிகள்.

எச்சரிக்கை ஒன்று. புரட்சிக்குப் பின் தெஹ்ரானில் வந்த சில நினைவுக் குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. ஷாவின் பால்ய நண்பரும் உளவுத்துறையில் பெரிய பதவியில் இருந்தவருமான ஹொசைன் ஃபர்தூஸ்த் காவலில் இருந்தவர், 1987-இல் இறந்தார். அவர் பெயரிலான நூல் அதற்குப் பிறகே அச்சில் வந்தது. ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வேறு ஒரு சாட்சி இல்லாமல் அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை. எந்த நினைவுக் குறிப்பை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது எழுதினார், எங்கே இருந்துகொண்டு எழுதினார், யார் அச்சிட்டார்கள்?

6. காசு கொடுப்பதற்கு முன், இலவசமாக இருப்பவை

இந்தப் படியை நான் கடைசியில் கண்டுபிடித்தேன். நீங்கள் வாங்கத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

'என்சைக்ளோபீடியா ஈரானிகா' முழுவதும் இணையத்தில் இலவசம். 'ஆர்மி', 'கோசாக் பிரிகேட்' ஆகிய பதிவுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் நூற்பட்டியல் இருக்கும், அதுதான் உங்கள் அடுத்த கட்ட வாங்கும் பட்டியல். அகர வரிசையில் கலைக்களஞ்சியம் இன்னும் முடியவில்லை என்பதால், பின்பகுதி எழுத்துகளில் தேடும் பெயர் இல்லாமல் போகலாம்.

கத்தார் டிஜிட்டல் நூலகம்: பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா அலுவலகக் கோப்புகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணம் இல்லை. பாரசீகத்தின் மீது கண் வைத்திருந்தது லண்டன் மட்டுமில்லை, இந்திய அரசும்தான். பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் என்ற அரசுப் பிரதிநிதி இந்திய அரசின் கீழ் வேலை பார்த்தார். அதனால் பாரசீகப் படை பற்றிய இந்திய ராணுவ அறிக்கைகளும் பாரசீகப் பிரமுகர்கள் யார் யார் என்ற பட்டியல்களும் இதில் இருக்கின்றன. அந்தப் பிரமுகர் பட்டியல் ஒன்றைத் தரவிறக்கிப் பெயர் நோட்டோடு வைத்துக்கொண்டால் பெரிய துணை.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள்: இவையும் இலவசம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1951–1954 ஈரான் பற்றி இரண்டு தொகுதிகள் உண்டு. 1989-இல் வந்த தொகுதியில் ஆட்சிக் கவிழ்ப்பில் சி.ஐ.ஏ.வின் பங்கு பற்றிய ஆவணங்கள் இல்லை. அவை வந்தது 2017 தொகுதியில். தேடலில் பழையது முதலில் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஈரானிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் 130-க்கும் மேற்பட்டவர்களின் நேர்காணல் இருக்கிறது. அமைச்சர்கள், தளபதிகள், அரசை எதிர்த்தவர்கள் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாரசீக மொழியில்.

பழைய நூல்களில் கர்சனின் 'பெர்ஷியா அண்ட் தி பெர்ஷியன் குவெஸ்சன்' (1892), எட்வர்ட் பிரவுனின் 'தி பெர்ஷியன் ரெவல்யூஷன்' (1910), மார்கன் ஷஸ்டரின் 'தி ஸ்டிராங்லிங் ஆஃப் பெர்ஷியா' (1912) ஆகியவை காப்புரிமை முடிந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுசாக இருக்கின்றன. புதிய நூல்களை அங்கே கடனாக வாசிக்கும் வசதி 2024 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறங்கள். மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். கோசாக் படையின் தோற்றம் பற்றி ஃபிருஸ் கசெம்சாதே 1956-இல் எழுதிய கட்டுரை அங்கே இருக்கிறது. பழையதானாலும் தொடங்க நல்ல இடம்.

7. வாங்கும்போது

ஆய்வு நூல்கள் முதலில் கெட்டி அட்டையில், நூலகங்களுக்கான விலையில் வரும். நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் பொறுத்தால் பெரும்பாலும் மெல்லிய அட்டைப் பதிப்பு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிடும். புது நூல் வந்த அன்றே வாங்க வேண்டும் என்ற பரபரப்பை அடக்கினாலே பாதிப் பணம் மிச்சம்.

ஐ.பி.டாரிஸ் என்ற பதிப்பகம் இந்தத் துறையில் ஏராளமான நூல்களை வெளியிட்டது. 2018-இல் அது புளூம்ஸ்பரியிடம் போய்விட்டது. ஆகவே டாரிஸ் பெயரில் 'கிடைக்கவில்லை' என்று வரும் நூல், புளூம்ஸ்பரி பெயரில் புது ஐ.எஸ்.பி.என். எண்ணோடு மலிவாக இருக்கலாம். தலைப்பை வைத்துத் தேடுங்கள், எண்ணை வைத்து மட்டும் தேடாதீர்கள்.

மறு அச்சு பற்றி. கர்சனின் நூலை நான் அப்படித்தான் வாங்கினேன், இரண்டு தொகுதி, பளபளப்பான அட்டை. பிரித்துப் பார்த்தால் பெரிய மடிப்பு வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த தாளின் பின்பக்கம், வெறும் வெள்ளை. ஓரத்தில் ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல். வேறு சில பக்கங்களில் எழுத்து பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் கோப்பை அப்படியே அச்செடுத்து விற்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பழைய நூல் வாங்குவதென்றால் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஆண்டு அச்சு, வரைபடம் உள்ளதா, உள்பக்கத்தின் புகைப்படம் அனுப்ப முடியுமா? பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியது: 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி வந்தது. அதோடு கூரியர் நிறுவனம் தன் பங்குக்குக் கையாளும் கட்டணம் போடும். சில சமயம் வரியைவிட அந்தக் கட்டணம் அதிகம். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு நூலாக வரவழைத்தால் அது பகிர்ந்துவிடும். சாதா அஞ்சலில் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை எனக்கு ஆகியிருக்கிறது. அடுத்த நூலை, கையில் இருப்பது பாதி தாண்டும்போதே வரவழைத்துவிடுங்கள்.

ஈரானில் அச்சான நூல் வேண்டுமென்றால், பொருளாதாரத் தடையால் நம்முடைய வங்கி அட்டை அங்கே செல்லாது. வெளிநாட்டில் இருக்கும் பாரசீகப் புத்தகக் கடைகள் வழியாகத்தான் வாங்க முடியும். ஈரானிய நண்பர் யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் விலை ரியாலிலா தோமானிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தோமான் பத்து ரியால். பேச்சில் தோமான் சொல்வார்கள், ரசீதில் ரியால் இருக்கும்.

1941-இல் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஈரானுக்குள் நுழைந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் போனவற்றில் இந்திய டிவிஷன்கள் உண்டு. அதற்கு இந்திய ஆயுதப் படைகளின் இரண்டாம் உலகப் போர் அதிகாரபூர்வ வரலாற்றில் மேற்காசியப் போர்முனை பற்றிய தொகுதியைப் பாருங்கள். ரெசா ஷாவின் படை அந்தச் சில நாட்களில் எப்படிக் கலைந்தது என்பதை எதிர்த்தரப்பிலிருந்து பார்க்க இது உதவும்.

8. ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால்

ஒரு வருடம் படித்த பிறகு போங்கள். அதற்கு முன் போனால் கோப்பில் எதைத் தேடுவது என்றே தெரியாது.

லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை இலவசம். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு சான்று கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட் ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் முகவரிச் சான்று இருக்காது. எந்தெந்த ஆவணம் செல்லும் என்று அவர்கள் இணையத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள், பயணத்துக்கு முன்பே பார்த்து மூலப் பிரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேனா அனுமதி கிடையாது, பென்சில் மட்டும். உங்கள் கேமராவிலோ கைபேசியிலோ படமெடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் ஊர் திரும்பும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

வரிசை எண்கள் ('எஃப்.ஓ.' என்றால் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம்): 1905 வரை பாரசீகக் கடிதங்கள் 'எஃப்.ஓ. 60'. 1906 முதல் 'எஃப்.ஓ. 371'. தெஹ்ரான் தூதரகத்தின் சொந்தக் கோப்புகள் 'எஃப்.ஓ. 248'. இந்த மூன்றாவதைப் பலர் தொடுவதில்லை. லண்டனுக்கு அனுப்பாத உள்ளூர்க் குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. எண்களை வீட்டிலிருந்தே பட்டியலில் தேடி எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடினால் முதல் நாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு டெல்லி இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வெளியுறவு, அரசியல் துறைக் கோப்புகளில் பாரசீகம் ஏராளம். 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் பதிவு செய்து தேடலாம். படமெடுத்துப் போட்ட கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். நேரில் போவதென்றால் அடையாள அட்டையோடு, நிறுவனம் அல்லது பேராசிரியர் ஒருவரின் அறிமுகக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

9. பாரசீக மொழி, எவ்வளவு வேண்டும்?

ஆரம்பத்துக்கு நூல் படிக்கும் அளவு வேண்டாம், அட்டையைப் படிக்கும் அளவு போதும்: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மாதப் பெயர்கள் பன்னிரண்டு. அரபு எழுத்து ஏற்கெனவே ஓதத் தெரிந்தவர்களுக்கு 'ப' (p), 'ச' (ch), 'ழெ' (zh), 'க' (g) ஒலிகளுக்காகச் சேர்த்த நான்கு எழுத்துகள் மட்டுமே புதிது. ஒரு வாரத்தில் வந்துவிடும். எழுத்தே புதிது என்றால், தினம் அரை மணி வீதம் எனக்கு மூன்று மாதம் ஆனது. எண்களில் 4, 5, 6 மூன்றும் அரபு முறையிலிருந்து வடிவம் மாறும்; ஆண்டைத் தப்பாகப் படிப்பது பெரும்பாலும் அந்த மூன்றில்தான். முறையாகக் கற்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள்.

எழுத்து கூட்ட வந்ததும் முதலில் எடுக்க ஏற்றது, 1979 ஜனவரி–பிப்ரவரியில் ஷாவின் தளபதிகள் கூடிப் பேசியதன் பதிவு. தெஹ்ரானில் நூலாக வந்தது. 'பனிபோல உருகிவிடுவோம்' என்பது அதன் தலைப்பின் பொருள். பேச்சு மொழி, சின்னச் சின்ன வாக்கியங்கள். யார் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பெயரும் பதவியும் இருக்கும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு அரைப் பக்கம் ஓடும். பதவிப் பெயர்களுக்கு மட்டும் அகராதி தேவைப்படாது. அவை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும்.